வண்டா, ஓதமா, பழசா? மளிகை அலமாரிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மளிகை அலமாரியில் எது கெட்டாலும் நம் வீடுகளில் வைத்தியம் ஒன்றுதான்: வெயிலில் போடு, வேப்பிலை போடு, நான்கு காய்ந்த மிளகாய் போடு. சில கோளாறுகள் இதற்கு அடங்கும், பல அடங்காது. அரிசிக்கு உள்ளே வளரும் வண்டு வேறு, மாவில் திரியும் வண்டு வேறு. அவை வரும் வழியும் போகும் வழியும் வேறு. உப்பு கசிவதும் ரவையில் நூல் கட்டுவதும் ஒரே அலமாரியில் நடக்கலாம், காரணம் ஒன்றாக இருக்காது. ஆகவே முதலில் பார்த்து, முகர்ந்து, இன்னது என்று தெரிந்துகொண்டு பிறகு கை வைப்பது நல்லது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் டப்பாவில் தெரிவது எதுவோ, அதற்கு நேராகப் போங்கள். ஆனால் ஒன்றை எல்லோரும் செய்ய வேண்டும். பூச்சியைக் கண்ட வேகத்தில் அலமாரி முழுவதையும் கவிழ்த்துக் கழுவ ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் கொட்டி, விரலால் பரப்பி, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். எதில் அதிகம் ஓடுகிறதோ அதுதான் ஊற்று. அநேகமாக அது ஒரே ஒரு டப்பாவாக, பின்வரிசையில், போன தீபாவளிக்கு வாங்கி மீந்ததாக இருக்கும். அதை வெளியேற்றாமல் மற்றதையெல்லாம் கழுவிப் பயனில்லை.

அரிசியில் கறுப்பு வண்டு ஓடுகிறது

ஒன்றைப் பிடித்து உற்றுப் பாருங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், முன்னால் வளைந்து நீண்ட மூக்கு, முதுகில் மங்கலாக நான்கு செம்மஞ்சள் புள்ளிகள். இது அரிசிக் கூன்வண்டு. பெண் வண்டு அந்த மூக்கால் மணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் மணிக்கு உள்ளேயே கழியும். முழு வண்டாகி வெளியே வரும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். "டப்பாவை இறுக்கி மூடித்தானே வைத்தேன், எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அது வரவில்லை, வாங்கும்போதே உள்ளே இருந்தது.

வெயிலில் போட்டால் என்ன ஆகும்? வெளியே திரியும் வண்டுகள் சூடு பொறுக்காமல் ஓடும். மணிக்குள் இருப்பவற்றில் பல தப்பிக்கும், சில வாரங்களில் அடுத்த படை புறப்படும். போதாக்குறைக்கு, உச்சி வெயிலில் காய்ந்த அரிசி விரிசல் விட்டு, களையும்போது நொய்யாக உடையும், சாதம் குழையும். பச்சரிசியில் இந்தச் சேதம் புழுங்கலரிசியைவிட அதிகம்.

செய்ய வேண்டியது:

1. நிழலில் துணி விரித்து அரிசியை மெல்லிதாகப் பரப்புங்கள். வண்டுகள் ஓரம் நோக்கி நகரும். பிறகு முறத்தில் எடுத்துப் புடைத்தால் துளை விழுந்த மணி, மாவு, மிச்ச வண்டு மூன்றும் பிரிந்து வந்துவிடும். சல்லடை மட்டும் போதாது, துளை விழுந்த மணி அதில் தங்கிவிடும்.

2. உள்ளே இருப்பவற்றைக் கொல்லக் குளிர்தான் நம்பகமானது. ஒன்றிரண்டு கிலோவாகப் பிரித்து, ஈரம் புகாத பைகளில் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உள்ள ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். ஃப்ரிட்ஜின் தலையில் உள்ள சின்ன அறை அவ்வளவு குளிராது, அதில் ஒரு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த அரிசியின் மேல் நீராகப் படியும், வண்டு போய்ப் பூஞ்சணம் வரும்.

3. பழைய டப்பாவின் அடியில் தங்கிய மாவை வழித்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே திரும்ப நிரப்புங்கள். பழசின் மேல் புதிதைக் கொட்டுவது இந்த வண்டுக்கு விருந்து வைப்பது.

இடம் இல்லை, ஃப்ரீசர் இல்லை என்றால் பிரித்த அரிசியைச் சீக்கிரம் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். களையும்போது மிதப்பதை வடித்துவிட்டால் போதும். இந்த வண்டுக்கு விஷம் கிடையாது. பாதி அரிசி மாவாகி, கையில் எடுத்தால் சூடாக இருக்கிறது என்றால் மட்டும் கோழிக்குப் போட்டுவிடலாம்; அதிலும் பூஞ்சணம் இல்லையென்று பார்த்துவிட்டு.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு பொறி வடிவமைத்திருக்கிறது. உடம்பெல்லாம் சிறு துளைகள் போட்ட குழாய், அடியில் கூம்பு, அதற்குக் கீழே ஒரு குப்பி. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால், காற்றோட்டம் தேடி அலையும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து குப்பியில் சேரும். மேலேறி வர முடியாது. வாரம் ஒரு முறை திறந்து கொட்ட வேண்டும். மணிக்குள் இருப்பதை இது தொடாது. ஆனால் வெளிவரும் வண்டு அடுத்த முட்டையை வைப்பதற்குள் பிடித்துவிடும் என்பதால், சிப்பமாக வாங்குகிறவர்களுக்கு வேப்பிலையைவிட உபயோகமானது.

சிப்பம் என்றதும் ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு, 26 கிலோ சிப்பங்கள் புழக்கத்துக்கு வந்தன. விலை கொஞ்சம் குறைவுதான். ஆனால் இரண்டு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 300 கிராம் என்று வைத்தால், அது தீர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். வண்டுக்கு அது மூன்று தலைமுறை. கூட்டுக் குடும்பத்தின் கணக்கில் சாமான் வாங்கி, அடுக்ககத்து அலமாரியில் வைப்பதுதான் பாதிக் கோளாறுக்கு மூலம் என்பது என் அபிப்பிராயம்.

வேப்பிலை போட்டே தீருவேன் என்பவர்கள் அதைச் சருகாகக் காயவைத்துப் போடவும். பச்சை இலை அரிசிக்கு ஈரம் கொடுக்கும். வசம்புக்குப் பூச்சியை விரட்டும் குணம் நிஜமாகவே உண்டு. ஆனால் அதை அரிசியோடு கலக்காமல் துணியில் முடிந்து வையுங்கள், சாப்பிடும் பொருளில் கரைவது நல்லதல்ல. காய்ந்த மிளகாய் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மிளகாயையே துளைத்துத் தின்னும் பூச்சிகள் உண்டு.

ரவை, மைதா, கோதுமை மாவில் செந்நிற வண்டு

மூக்கு நீளவில்லை, உடம்பு தட்டையாக, செம்பழுப்பாக இருக்கிறது என்றால் இது செம்மாவு வண்டு. முழு மணியைத் துளைக்க இதற்குத் திராணி கிடையாது. உடைந்தது, பொடித்தது, மாவானது எல்லாம் இதன் சொத்து. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் ஒரு மருந்து நெடி அடிக்கும். வண்டு சுரக்கும் ரசாயனம் அது. முற்றிய நிலையில் மாவு லேசாக ரோஜா நிறம் கலந்து மங்கும்.

நெடி வந்துவிட்ட மாவைச் சலித்துப் பயன்படுத்த வேண்டாம். சப்பாத்தியிலும் அந்த வாடை போகாது. முட்டைகள் மாவு ஒட்டிக்கொண்டு, வீட்டுச் சல்லடையில் நிற்காமல் மாவோடு கீழே இறங்கிவிடும். நெடி இல்லாமல் ஒன்றிரண்டு வண்டு மட்டும் தெரிந்தால் ஃப்ரீசர் வைத்தியம் செய்து, சலித்து, அந்த வாரமே தீர்த்துவிடலாம்.

ரவையை வாங்கி வந்ததும் வாணலியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுவார்களே, அது சரியான வழக்கம். சூட்டில் முட்டை சாகிறது, ஈரமும் போகிறது. முழுக்க ஆறுவதற்குள் மூடினால் மட்டும் மூடியில் வியர்த்து அத்தனையும் வீணாகும்.

ரவையோ கம்போ நூல் கட்டித் திரண்டிருக்கிறது

கரண்டியால் எடுத்தால் ஐந்தாறு மணி சேர்ந்து, சிலந்தி நூலில் கோத்தது போல் தொங்கும். வண்டு தேடினால் கிடைக்காது. இது அந்துப்பூச்சியின் புழு செய்கிற வேலை. மாலையில் சமையலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பூச்சிதான் இதன் தாய் தகப்பன். அது ஒன்றும் தின்னாது. முட்டை வைப்பதுதான் அதன் ஒரே தொழில்.

நூல் கட்டியதை மொத்தமாகக் கழித்துவிடுங்கள், புழுவின் எச்சமும் உரித்த தோலும் அதில்தான் இருக்கும். இதில் பலரும் தவறவிடுவது டப்பாவுக்கு வெளியே உள்ளதை. முதிர்ந்த புழு கூடு கட்ட இடம் தேடி வெளியேறும். பிளாஸ்டிக் டப்பாவின் மூடிப் புரியில், அலமாரிப் பலகை சேரும் மூலையில், அடியில் விரித்த செய்தித்தாளின் மடிப்பில் வெள்ளைக் கூடாக ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியை வெந்நீரில் தோய்த்து அந்தப் புரிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். காகிதத்தை எடுத்து எறியுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரம் சுவரில் பூச்சி கண்டால் அங்கேயே அடித்துவிடுங்கள்.

பச்சைப் பயறு, தட்டைப் பயறு, கொண்டைக்கடலையில் வட்டத் துளை

துளைக்கு முன்பே அறிகுறி உண்டு. பயற்றின் தோலின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதுதான் பயறு வண்டின் முட்டை. இந்த வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும், அறுவடையோடு சேர்ந்து கடைக்கும் வீட்டுக்கும் வரும். புழு முட்டைக்கு அடியிலேயே துளைத்துப் பயற்றுக்குள் இறங்கும்.

வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும் கட்டத்தில் பிடித்தால் வேலை சுலபம். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, எல்லா மணியிலும் படும்படி கையால் பிசறி வையுங்கள். எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சு முட்ட வைக்கும், புதிய முட்டையும் ஒட்டாது. துவரைக்கு விளக்கெண்ணெய் தடவிய பாட்டிமார்கள் காரணம் தெரிந்தோ தெரியாமலோ செய்தது இதைத்தான். சமைக்கும்போது வெந்நீரில் அலசினால் வாடை போய்விடும். முளைகட்ட வேண்டாம் என்றால் லேசாக வறுத்து வைப்பதும் பலன் தரும்.

துளை விழுந்துவிட்டால் மணி உள்ளே கோறையாக இருக்கும். தண்ணீரில் கொட்டுங்கள். உளுத்தது மிதக்கும், நல்லது தங்கும். மூழ்கியதை அன்றே வேகவைத்துவிட வேண்டும். உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. ஆறு மாதத்துக்கு வைக்க வேண்டியிருந்தால் முழுப் பயற்றைவிட உடைத்ததை வாங்குவது புத்திசாலித்தனம்.

மஞ்சளிலும் மல்லியிலும் ஊசித் துளை

விரலி மஞ்சளைத் தட்டினால் பொடி உதிர்கிறதா? கூனலாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செம்பழுப்பு வண்டு இருக்கும். புகையிலைக் கிடங்குகளைத் துளைத்துப் பேர் வாங்கியது. மல்லி, மிளகாய், மஞ்சள், சாம்பார்ப் பொடி என எந்தக் காரமும் இதற்குப் பொருட்டில்லை. மெல்லிய பாலித்தீன் பையைக்கூடத் துளைத்துக்கொண்டு பக்கத்துப் பைக்குப் போகும். வத்தல் மிளகாயும் மல்லியும் வருடக் கணக்கில் வாங்குகிறவர்கள் கண்ணாடிப் புட்டிக்கு அல்லது இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். துளை விழுந்த மசாலாவைக் கழித்துவிடுங்கள்.

உப்பு கசிகிறது, டப்பாக்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி ஊர்கிறது

இரண்டும் வேறு வேறு புகார் போலத் தோன்றும். இரண்டும் ஓதத்தின் வேலை.

சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் இழுத்துக் கரையத் தொடங்கும். கல் உப்பில் மெக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது அதற்கு முன்பே கசியும். அதனால்தான் கல் உப்புக்குப் பீங்கான் சாடி, உலோகமானால் அரித்துவிடும். ஆனால் தூள் உப்பே நாள்கணக்கில் நசநசவென்று இருக்கிறது என்றால், உங்கள் அலமாரிக்குள் ஈரம் 75 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். அந்த ஈரத்தில் பூஞ்சணம் தாராளமாக வளரும். உப்புக்குள் நான்கு அரிசி மணியைப் போட்டுத் திருப்திப்படுவதற்கு முன்னால், உப்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

வெளிர் சாம்பல் நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லாமல், டப்பாவின் காகித லேபிள் மேல் விட்டு விட்டு ஓடும் பூச்சியும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. பழைய புத்தகங்களில் ஓடுமே, அதே இனம். கண்ணுக்குப் படாத மெல்லிய பூஞ்சணத்தை மேய்வதற்கு வருகிறது. மருந்து அடிக்க வேண்டாம். ஈரம் போனால் தானே காய்ந்து சாகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அலமாரியின் பின்சுவர் குளியலறைச் சுவரா? உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும், சுண்ணாம்பு பொரிந்திருக்கும். அப்படியானால் பலகைக்கும் சுவருக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள், அதுவரை அரிசியை அங்கிருந்து மாற்றுங்கள். சாக்கு எப்போதும் பலகை மேல். தரையிலும் சுவரை ஒட்டியும் கூடாது. அலமாரி குக்கருக்கு நேர் மேலேயா? ஒவ்வொரு விசிலும் உள்ளே போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சென்னை, கடலூர், நாகை வீடுகளில் எந்த அலமாரியும் ஓதம் காக்கும். அந்த மூன்று மாதத்துக்கு அப்பளம், வத்தல், காப்பித்தூள், வெல்லம் ஆகியவற்றைக் குறைவாக வாங்குங்கள். சிக்கரி கலந்த காப்பித்தூள் கட்டிப்படுவதும் இதனால்தான், சிக்கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

வெல்லம் இளகி ஒழுகுகிறது

வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோசும் பிரக்டோசும் இருக்கின்றன. பிரக்டோசு ஈரத்தை விடாமல் இழுக்கும். விறகடுப்பின் மேல் பரணில் கருப்பட்டியையும் வெல்லத்தையும் வைத்த காலத்தில் சூடும் புகையும் அதைக் காயவைத்தன. கேஸ் அடுப்புக்கு மேல் உள்ள பரணில் வெறும் ஆவிதான் வரும், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காகிதத்தில் சுற்றி, இறுக்கமான டப்பாவில், மழைக்காலத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஏற்கெனவே ஒழுகத் தொடங்கியதைக் காயவைக்க முயலாமல் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, பாகாகக் குளிரில் வைத்துவிடலாம். புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்ட வேண்டும்.

துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை

குக்கரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே பருப்பில் ஒரு பிடியை வடிகட்டிய குடிநீரில் தனியாக வேகவையுங்கள். வெந்துவிட்டால் குற்றம் உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். அதில் உள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. பருப்புக்கு மட்டும் வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள்.

அதிலும் வேகவில்லையா? பருப்பு பழசு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், பருப்புக்குள்ளேயே உள்ள கால்சியமும் மெக்னீசியமும் விடுபட்டு அதே பெக்டினை இறுக்குகின்றன. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புளி சேர்க்காமல் வேகவையுங்கள். புளிப்பு பட்டால் இன்னும் இறுகும். சிட்டிகை ஆப்ப சோடா மசித்துக் கொடுக்கும், பதிலுக்குப் பி1 வைட்டமினை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பருப்பைப் பருப்புப் பொடிக்கு வறுத்து அரைத்துவிடுவது என் வழி. அடுத்த முறை பாக்கெட்டின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உளுந்து பொங்காமல் இட்லி கல்லானாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது உளுந்தின் வயதைத்தான்.

எண்ணெயில் சிக்கு வாடை, மாவில் கசப்பு

எண்ணெய்க்கு எதிரி வெளிச்சம், சூடு, காற்று. ஒளி ஊடுருவும் பாட்டிலில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்ததாகிறது. அன்றாடத்துக்குச் சின்ன எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு, மீதியை இருட்டில் வையுங்கள். அடியில் தங்கிய பழைய எண்ணெயின் மேல் புதிதை ஊற்றினால், பழசு புதிதையும் சீக்கிரம் கெடுக்கும். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்த பிறகே நிரப்ப வேண்டும். செக்கு எண்ணெய்களில் நல்லெண்ணெய் சற்று நாள் தாங்கும், அதற்குள்ளேயே சிக்கு ஏறுவதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. சிக்கு ஏறியதை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது கோளாறு அல்ல. 24 டிகிரி வாக்கில் அது உறையத்தான் செய்யும்.

கம்பு மாவு ஒரு வாரம் பத்து நாளில் கசப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அதில் உள்ள நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். தானியமாக வாங்கி, வாரத்துக்கு ஒரு முறை அரையுங்கள். கைக்குத்தல் அரிசியிலும் தவிட்டு எண்ணெய் இருப்பதால் வெள்ளை அரிசி போல் நாள் தாங்காது.

நிலக்கடலையில் பச்சைப் பூஞ்சணம்

இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். பச்சை, மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. அது கல்லீரலைத் தாக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே "நாம் சாப்பிட வேண்டாம், மாட்டுக்குப் போடலாம்" என்பதும் கூடாது. பூத்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை வறுப்பதும் கூடாது. பாக்கெட்டோடு போகட்டும். சுருங்கிய, நிறம் மாறிய, வாயில் போட்டதும் கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். உள்ளே கறுத்த வத்தல் மிளகாய்க்கும் பூத்த கொப்பரைக்கும் இதே சட்டம்.

புளியில் புழு

பூச்சி புளியைத் தேடி வருவதில்லை, கொட்டையைத் தேடி வருகிறது. கொட்டை எடுத்து, நாரைக் கிழித்து, ஒரு நாள் காயவைத்து, கல் உப்பு தூவி, மண் பானையிலோ பீங்கான் சாடியிலோ அமுக்கி வைத்த புளி ஒரு வருடம் இருக்கும். கொட்டையோடு மலிவாக வாங்கி அப்படியே வைத்தால் புழு வரும். கறுப்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல, பழம்புளி கறுப்பாகத்தான் இருக்கும். மேலே வெள்ளையாகத் தெரிந்தால் விரலால் தேயுங்கள். நறநறவென்றால் உப்பு, பஞ்சு போல் அமுங்கினால் பூஞ்சணம்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் மிதக்கின்றன

நிறம் கொஞ்சம் வேறு, வடிவம் கொஞ்சம் வழவழப்பு. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிய வேண்டாம். செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டத்தில் நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலந்த மணிகள் அவை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடியும் அரிசி வடிவில் வார்த்தவை. களையும்போது வடித்துவிட்டால் சத்துதான் போகும். அவற்றின் மேல் வண்டுத் துளை இருந்தால் மட்டும் முதல் பகுதிக்குப் போங்கள்.

டீத்தூளில் பெருங்காய வாசனை

டீத்தூள் எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். பெருங்காயத்தைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வேறு தட்டுக்கு மாற்றுங்கள். வாடை ஏறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் கழுவிப் பார்ப்பது வீண். அதைப் பெருங்காயத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

வெங்காயம் முளைக்கிறது, உருளைக்கிழங்கு பச்சையாகிறது

வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், உருளைக்கு இருட்டு வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் உருளையின் ஈரத்தில் வெங்காயம் அழுகும். தோல் பச்சையான உருளையில் சோலனின் என்னும் கசப்பு நஞ்சு கூடியிருக்கும். கொஞ்சம் என்றால் ஆழமாகச் சீவி எடுங்கள், முழுக்கப் பச்சை என்றால் குப்பைக்கு. வெங்காயத்தின் மேல் கறுப்புப் பொடி இருந்தால் மேல் இதழ்களை உரித்துக் கழுவிப் பயன்படுத்தலாம்.

பையின் மூலை கடிபட்டிருக்கிறது

கிழிந்த பையில் உள்ளதை முழுக்கக் கழித்துவிடுங்கள். எலியின் சிறுநீர் பட்டது கண்ணுக்குத் தெரியாது, எலிக்காய்ச்சல் அந்த வழியில் வரக்கூடியது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். கேஸ் குழாய் நுழையும் ஓட்டை, தொட்டிக்குக் கீழே கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடம் இரண்டையும் முதலில் பாருங்கள். இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் துணியும் தெர்மாகோலும் எலிக்கு மெத்தைதான். அலமாரிக்குள் எலி விஷம் வைக்காதீர்கள், பொறி வையுங்கள்.

மருந்து போடலாமா?

கூடாது. அந்துருண்டை துணிப் பெட்டிக்கு உரியது. எறும்பு சாக்பீஸால் சாமான் தட்டில் கோடு கிழிப்பதும் வேண்டாம். எறும்பு வரும் தடத்தைச் சோப்பு நீரால் துடைத்து, இனிப்பு டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தால் போதும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. "ரெண்டு மாத்திரை போடுங்கள், ஒரு வருடம் வண்டு வராது" என்று யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்கும் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது.

எல்லாம் செய்தாயிற்று, மறுபடியும் வருகிறது

அப்படியானால் ஊற்று அலமாரியில் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அரிசிக் கோலமாவு டப்பாவைத் திறந்து பாருங்கள். பூஜை அலமாரியில் கிரகப்பிரவேசத்தன்று வாங்கிய நவதானியப் பொட்டலம், கலசத்துக்கு அடியில் போட்ட அரிசி, கல்யாணத்தில் கொடுத்த அட்சதைப் பை ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். கிளித் தீனி, பரணில் மடித்துப் போட்ட பழைய சாக்கு, மிக்சிக்கு அடியில் படிந்த மாவு, கேஸ் அடுப்புக்குப் பின்னால் விழுந்த ரவை என்று இன்னும் இடங்கள் உண்டு. மரப் பலகையின் வெடிப்புகளை ஊசியால் கிளறிச் சுத்தம் செய்து, மரப்பசையும் மரத்தூளும் கலந்து அடைத்துவிடுங்கள்.

பிறகு காலியான அலமாரியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி ரவை வைத்து, வாரம் ஒரு முறை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். பார்த்ததை எறிந்துவிட்டுப் புது ரவை வையுங்கள், இல்லையென்றால் அதுவே அடுத்த ஊற்றாகிவிடும். ஆறு வாரம் ஒன்றும் அகப்படவில்லை என்றால் சாமான்களைத் திரும்ப அடுக்கலாம். இரண்டாம் வாரமே வண்டு விழுந்தால் பூஜை அலமாரியை இன்னொரு முறை பாருங்கள்.